மஞ்சள் கொடி வரவேற்பு

திருகோணமலைத் துறைமுகத்தில், கடற்படைப் பண்டகசாலையில், பேணாட் பதினெட்டு வருஷமாகக் கிளாக்கர். கொடிகளை எண்ணி, மடித்து, பூச்சி உருண்டை போட்டு அடுக்குவதுதான் உத்தியோகம். தெருவில் ஆரும் கேட்டால் மட்டும், "நான் ஒரு கொடியை மாத்திக் குடுத்தால் கப்பல் பாறையில ஏறும்" என்பார்.

1951இல் லெப்டினன்ட் வில்மட் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் சீமையிலிருந்து வந்து இறங்கினார். மறுநாளே அவரைக் கப்பல் கூட்டிக்கொண்டு போய்விட்டது. புதுக் குடும்பத்துக்கு வீடு ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் பொறுப்பு பேணாட்டுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்றால், மூன்று பேரிடம் கேட்டு வாங்கினது.

அந்த வீட்டு முற்றத்தில் கொடிமரம் ஒன்று வெறுமையாக நின்றது. பேணாட்டுக்கு மனம் கேட்கவில்லை. மாதா கோயில் திருநாளில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடி பறந்தால் ஊருக்கே ஒரு களை வந்துவிடும். ஆனால் வெள்ளைக் கொடி தோற்றவன் பிடிப்பது. அவ்வளவு அவருக்குத் தெரியும். ஆகையால் மஞ்சளை மட்டும், பண்டகசாலையிலேயே பெரியதாகப் பார்த்தெடுத்து, உச்சியில் ஏற்றினார்.

"இது கடற்படை வரவேற்பு, மேடம்" என்று இங்கிலீசில் சொன்னார். கொடிகளைப் பற்றி ஒன்றும் அறியாத மிஸிஸ் வில்மட் கண்கலங்கி நன்றி சொன்னாள்.

ஞாயிறு பின்னேரம் அவள் அயல்வீட்டுத் துரைசானிமாரைத் தேத்தண்ணிக்கு அழைத்திருந்தாள். பேணாட்டின் மனைவி மரியமலர் இருபது முட்டை உடைத்துக் கேக் அடித்தாள்.

"நானும் வரட்டோ?"

"உனக்கு அவையளின்ர பழக்கவழக்கம் தெரியாது. கேக்கைத் தா."

மேசையில் எட்டுக் கோப்பை. நாலு மணியாயிற்று, ஐந்தாயிற்று, ஒருத்தியும் வரவில்லை. அடுத்த வீட்டு ஆயா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவின் மறுகரையால் ஓடினாள். வில்மட்டின் மூத்த மகள் வாசல் படலையில் நின்று கை காட்டினாள். திருப்பிக் காட்ட ஆளில்லை.

"நாங்கள் என்ன பிழை விட்டோம்?" என்று மிஸிஸ் வில்மட் கேட்டாள்.

"இங்கே இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம், மேடம்" என்றார் பேணாட், கேக்கை மென்றபடி.

அந்த நேரம் கிண்ணியா ஊர்க்காரன் லாபிர் மீன் விற்க வந்தான். கிழமை நாளில் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டுகிறவன். படலையோடு நின்றுவிட்டான்.

"உள்ள வாவன், லாபிர்."

"ஏலாது கிளாக்கர் ஐயா. எனக்கும் புள்ள குட்டி இரிக்கி. ஆருக்கு வருத்தம்? அம்மையா, பேதியா?"

"என்ன விசர்க்கதை?"

"கொடியப் பாருங்களன்! தொத்து வருத்தம் வந்த கப்பலுக்குத்தானே மஞ்சள் கொடி. கொடிக்குள்ளயே இருக்கிற உங்களுக்குத் தெரியாதா?"

பேணாட்டின் வாயில் கேக் களிமண்ணாய் நின்றது. உள்ளே போனார்.

"மேடம், அந்தக் கொடி..."

"அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆறுதல், மிஸ்டர் பேணாட். எங்களை வரவேற்ற ஒரே ஆள் நீங்கள்தான்."

"...காற்றில் கிழிந்துவிடும்" என்றார். இறக்கிய கொடியை, தான் வைத்திருப்பதாகச் சொல்லி அவளே வாங்கிக்கொண்டாள்.

திங்களன்று லெப்டினன்ட் திரும்பி வந்தார். அயலவர்கள் வந்தார்கள், கொடியைக் கண்டு ஒதுங்கிய கதை வெளித்தது. புதனன்று பண்டகசாலைப் பெரிய துரை எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு பாராட்டுக் கடிதம் வாசித்தார். எவனோ ஒரு சிப்பாய் குடிவெறியில் ஏற்றிய கொடியைக் கண்டு எல்லாரும் ஒதுங்கியிருக்க, உயிரை மதியாமல் அந்த வீட்டுக்குப் போய்வந்த ஒரே ஊழியர் பேணாட்டாம். எல்லாரும் கைதட்டினார்கள். பேணாட் கடிதத்தை வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அன்று பின்னேரம் மிஸிஸ் வில்மட் அனுப்பிய கேக் தட்டை லாபிர் கொண்டுவந்து கொடுத்தான். தட்டில் அந்த மஞ்சள் கொடி. தோய்த்து, இஸ்திரி போட்டு, மடித்திருந்தது. ஒரு வரி எழுத்தில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் துரையிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பேணாட்டுக்குக் காது சுட்டது.

"நல்ல மனுசி! தட்டை வெறுமையா அனுப்பேல்லப் பாருங்கோ" என்றாள் மரியமலர். "திருநாளுக்குக் கட்டலாம். கடிதத்தை எங்க கொழுவ, வாசலுக்கு நேரயோ?"

"அலுமாரிக்குள்ள வை."

அவள் வாசலுக்கு நேரே, சுவரில் ஆணி அடித்துக் கொழுவினாள். பேணாட் தன் கதிரையைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்து இருந்துகொண்டார். அதற்குப் பிறகு தெருவில் ஆராவது கொடியைப் பற்றிக் கேட்டால், "நான் எண்ணுறனான். அவ்வளவுதான்" என்பார்.