மயிலாத்தாள் கையெழுத்துப் போடவில்லை

மயிலாத்தாள் கார் ஓட்டப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று காலை பாலக்காட்டுச் சித்தூரில் நெல்லுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, கணவர் செங்கோட்டையனோடு நல்லேப்பிள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வீட்டுப் பாதைக்கு வலதுபுறம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டு, எதிரே வந்த பஸ் போகட்டும் என்று நின்றாள். பின்னாலிருந்து மடாரென்று ஒரு இடி.

அவள் சுதாரிப்பதற்குள் செங்கோட்டையன் இறங்கிவிட்டார். யார் முகம் சுண்டினாலும் தாங்காத மனுஷர். இடித்த காரிலிருந்து இறங்கிய இளைஞன் ஜிதினிடம், "எங்க தப்புத்தானுங்க தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மயிலாத்தாளுக்குச் சுரீரென்றது. போன வருஷம் அவர்கள் டிராக்டரை ஒரு லாரி உரசியபோதும் இந்த வாயால்தான் கேஸ் கைவிட்டுப் போனது.

"ஏனுங்க, கொஞ்சம் கம்முனு இருங்க. பால் சொசைட்டி முன்னால நிக்கறவரு எல்லாத்தையும் பாத்துட்டு இருந்தாரு. அவரு பேரும் நம்பரும் வாங்கிட்டு வாங்க."

அவரை அப்படி விரட்டிவிட்டு, வண்டிகளை நகர்த்துமுன் போனை எடுத்தாள். நசுங்கிய பின்பக்கம், இரண்டு நம்பர் பலகைகள், இன்னும் மினுக்கிக்கொண்டிருந்த இண்டிகேட்டர், ஜிதின் பிரேக் பிடித்ததில் தாரில் விழுந்த கறுப்புக் கோடு. ஒன்றையும் விடவில்லை.

"சேச்சி, போலீஸெல்லாம் எதுக்கு? புகார் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒப்பு போட்டா போதும்" என்றான் ஜிதின்.

"கையெழுத்து ஸ்டேஷன்ல போடறனுங்க தம்பி. உங்க லைசென்ஸையும் இன்சூரன்ஸ் பேப்பரையும் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

இன்சூரன்ஸ்காரர்களுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். ஸ்டேஷனில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தாள். கழுத்து லேசாகப் பிடித்திருந்ததால் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சீட்டு வாங்கி வைத்தாள்.

நாலாம் நாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தம்மாதான் ரிவர்ஸ் எடுத்து இடித்தார் என்று ஜிதின் புகார் கொடுத்திருந்தான். சாட்சிக்கு, அன்று காரிலிருந்து இறங்கும்போதே அவன் போனில் எடுத்த ஒரு பதிவு. எஸ்.ஐ. அதை ஓடவிட்டார். "எங்க தப்புத்தானுங்க தம்பி" என்றது செங்கோட்டையன் குரல்.

"அவரு இடிச்சவங்களுக்கும் சொல்லுவாரு, இடிவாங்கினவங்களுக்கும் சொல்லுவாருங்க சார். ஓட்டினது நானு. இதப் பாருங்க" என்று மயிலாத்தாள் தன் போனை நீட்டினாள். ரிவர்ஸில் வந்த வண்டியிடம் இடிவாங்கியவனுக்கு அவ்வளவு நீளப் பிரேக் கோடு எப்படி விழும்? எஸ்.ஐ. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அன்று பால் சொசைட்டி முன்னால் நின்ற பொங்கியண்ணனும் வந்திருந்தார். "அம்மிணி வண்டி அசையவே இல்லீங்க. இந்தத் தம்பிதான் போனைப் பாத்துட்டே வந்தாரு."

ஜிதின் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வெளியே வந்ததும் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "அச்சன் வண்டி, சேச்சி. அப்பா திட்டுவாருன்னு பயந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. "இன்னைக்கே ஊட்டுக்குப் போயி உள்ளதச் சொல்லிப்போடுங்க" என்றாள். எதிரே டீக்கடையில் செங்கோட்டையன் ஜிதினுக்கும் சேர்த்து ஏற்கெனவே நாலு டீ சொல்லியிருந்தார்.