பெயர் மட்டும் எழுதவும்

நவம்பர் மாதம் வந்தால் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள், விளையாட்டு விழாவுக்குப் பந்தல், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் இன்ஸ்பெக்‌ஷன். இந்த வருடம் போதாக்குறைக்கு பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் சடங்கு நடத்த மறைமாவட்ட ஆயரும் வருகிறார். இத்தனையும் கடைசியில் வந்து விழுகிற இடம், அலுவலகத்து டைப்பிஸ்டம்மாவின் மேசை. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடமாகிறது. அந்தப் பட்டம் மட்டும் போகவில்லை.

இதற்கெல்லாம் மேலே, நவம்பர் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மாதம். சிற்றாலய வாசலில் இரண்டு பெட்டிகள் வைப்பார்கள். கறுப்புத்தாள் ஒட்டியது இறந்தவர்களுக்கு, வெள்ளைத்தாள் ஒட்டியது நோயாளிகளுக்கு. உள்ளே விழும் சீட்டுகளை டைப்பிஸ்டம்மா இரண்டு பட்டியலாக அடித்துக் கொடுத்தால், வெள்ளிக்கிழமைப் பூசையில் படிப்பார்கள். முன்பெல்லாம் பிள்ளைகள் சீட்டில் கதையே எழுதுவார்கள். 'எங்கள் சித்தப்பா. நல்லவர்தான், ஆனால் கோபக்காரர். கடவுள் கொஞ்சம் அனுசரித்துப் போகவும்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதையெல்லாம் படித்து மாளாமல்தான் டைப்பிஸ்டம்மா இரண்டு பெட்டியிலும் 'பெயர் மட்டும் எழுதவும்' என்று எழுதி ஒட்டினாள். அவளுக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனையாகத் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை இரண்டு பெட்டியையும் ஒரே மேசையில் கொட்டி, இரண்டு குவியலாக வைத்திருந்தாள். ஆயர் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஆயர் ஒரு வாரம் முன்னதாகவே வருகிறாராம். அவள் பதறி எழுந்த வேகத்தில் காகித எடை உருண்டது, மின்விசிறி தன் வேலையைக் காட்டியது, பாதிச் சீட்டுகள் தரையில். எது கறுப்பு, எது வெள்ளை என்று சீட்டு சொல்லுமா? வெறும் பெயர்தானே இருக்கிறது! அவசரத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். இந்தக் காலத்துப் பெயராக இருந்தால் நோயாளி, அரதப் பழைய பெயராக இருந்தால் இறந்தவர் என்று பிரித்து அடித்துவிட்டாள்.

மறுநாள் பூசை ஒலிபெருக்கியில் அலுவலகம் வரை கேட்டது. அது முடிந்து ஐந்து நிமிடத்தில் வாட்ச்மேன் வந்து மேசை முன்னால் நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"ஒரு நாள் லீவு வேணும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயி அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன்."

"என்ன அண்ணே? வீட்டம்மாவுக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன்னு சொன்னீங்களே?"

"வேணாம். சம்மதப் பேப்பர்ல இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும்னாங்க. நான் போடப்போறதில்ல. பீடத்துக்கு முன்னால அவ பேரை இறந்தவங்களோட படிச்சுட்டாங்க. நான் வெள்ளைப் பெட்டியிலதான் போட்டேன். கடவுளுக்குத் தெரியாததா? இதுக்கு மேல அவளை எதுக்கு அறுக்கணும்?"

டைப்பிஸ்டம்மா பட்டியலைக் கையில் எடுத்தாள். எந்தப் பெயர் என்று கேட்டாள். அவர் சொன்னார். அவளேதான் தரையிலிருந்து பொறுக்கி, அவளேதான் அடித்த பெயர். வாசல் அறையிலிருந்து இருபது வருடமாக அவளுக்குத் தினமும் டீ கொடுத்தனுப்பியவளின் பெயர். வாட்ச்மேன் வீட்டம்மா என்றே சொல்லிப் பழகியதில், அந்தப் பெயரை ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"அண்ணே, அது கடவுள் செஞ்சதில்ல. நான் செஞ்சது" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நம்பின ஆட்டல் அல்ல.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தலைமையாசிரியையான பெரிய சிஸ்டர் எதிரே ஓடி வந்தார். "எங்க போறே? இன்ஸ்பெக்‌ஷன்காரங்க கேட் பக்கத்துல வந்துட்டாங்க!"

"சிஸ்டர், நான் ஒரு உயிரோட இருக்கற மனுஷியைச் சாகடிச்சுட்டேன். போய் எழுப்பிட்டு வந்துடறேன்."

சிஸ்டர் வாட்ச்மேனின் முகத்தைப் பார்த்தார். அவரும் பூசையில் அந்தப் பெயரைக் கேட்டவர்தான். "போம்மா. ஃபைலை நானே தேடிக்கறேன்" என்றார். அந்த அலமாரியில் அவர் ஒரு ஃபைலைக்கூடக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் வாட்ச்மேன் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் அந்த அம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. ஆள் பாதியாகியிருந்தாள். டைப்பிஸ்டம்மா முதல் முறையாகப் பெயர் சொல்லி, பின்னால் அக்கா சேர்த்துக் கூப்பிட்டாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், பழைய பெயர் என்று பிரித்தது உட்பட.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலித்ததால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவ்வளவு கிழட்டுப் பேராவா இருக்கு? எங்கப்பா ஆசையா வச்சதும்மா. அழாதே. செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. எத்தனை பேர் இருந்தாங்க பூசையில?"

"எழுநூறு பிள்ளைங்க இருக்கும்க்கா."

"எழுநூறு பேரா எனக்கு வேண்டிக்கிட்டாங்க! என் கல்யாணத்துக்கே நாப்பது பேர்தான்."

வாட்ச்மேன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் கால்மாட்டில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து படிவத்தையும் பேனாவையும் போர்வை மேல் வைத்தாள். "ஐயா, டாக்டர் கிளம்பறதுக்குள்ள வேணும். இல்லன்னா நாளைக்கு இந்த நேரத்துக்கு வேற பேஷண்டைப் போட்டுடுவாங்க" என்று சொல்லிப் போனாள்.

"போடமாட்டேன்" என்றார் அவர். "போட்டு, உள்ள உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? என் கையால அனுப்பின மாதிரி ஆயிடும்."

இப்போதுதான் டைப்பிஸ்டம்மாவுக்குப் புரிந்தது. பட்டியல் ஒரு சாக்கு. மனிதர் பத்து நாளாகவே நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

மனைவிக்கு அது முன்னமே தெரிந்திருந்தது போலிருக்கிறது. மெல்லக் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. என் பேரைப் படிச்சப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுந்து நின்னுட்டேன்."

"நின்னு?"

"சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல."

"என்ன சொல்லணும்னு நெனச்சீங்க?"

தொப்பியைக் கசக்கினார். "அவ உயிரோட இருக்கான்னு."

"அதை இப்பச் சொல்லுங்க."

"நீ உயிரோட இருக்கே" என்றார். இன்னொரு முறை, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். "நீ உயிரோட இருக்கே!"

"அப்படின்னா போடுங்க" என்று அவள் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவள் முழங்காலை மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார்.