குதிரைக்காரர் வெற்றிலை மண்டி

எங்கள் வீட்டுச் சொர்ணலதா உட்கார்ந்து படிக்கும் நாற்காலிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்க வேண்டியிருந்தது. கால்கள் அவ்வளவு வேகமாகத் தேய்ந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் குதிரையேற்றம் பற்றித் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைத்த எல்லாவற்றையும் படித்துவந்தாள். குளம்பு நோய், கடிவாளம், குதிரையின் காது சொல்லும் செய்தி என்று எதையும் விடவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வீட்டில் கொள்ளு வாசனை வந்தது. நாற்காலி கூடத்திலிருந்து சமையலறை வரை நகர்ந்திருந்தது. ஆனால் அவள் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் அறுபது ஆண்டுகளாக யாருமே தொட்டதில்லை. ராமாபுரத்திலிருந்து பாலாற்றுக் காட்டு வழியே குதிரையில் தபால் கொண்டுபோன மல்லப்பனின் வம்சம் நாங்கள். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் எங்கள் கடைப் பலகையில் 'குதிரைக்காரர் வெற்றிலை மண்டி' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை யாரும் எங்களுக்கு இனாமாகக் கொடுக்கவில்லை.

டாங்கா என்னும் குதிரைவண்டி ஓட்டும் கெம்பையனுக்கு அந்தப் பலகை கண்ணை உறுத்தியது. ஒரு திங்கட்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டான்.

"ஏன் சொர்ணக்கா, பேப்பர்ல ஓடுற குதிரை சாணி போடுமா?"

"போடும் கெம்பண்ணா. உங்க குதிரைதான் போடாது. தின்னக் குடுத்தாத்தானுங்களே போடும்?"

வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கெம்பையனுக்கு முகம் கறுத்தது. வருகிற ஞாயிறு காலை மைதானத்தில் தன் கடிக்கும் பெண்குதிரையில் ஏறி அவள் மூன்று சுற்று வர வேண்டும், பூமியைத் தொட்டால் பலகையை இறக்கிவிட வேண்டும் என்றான். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். சொர்ணலதா மட்டும், "சரிங்க" என்றாள். நாற்பத்தேழு வயது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவள் புத்தகத்தில் படித்திருந்தபடியே இடப்பக்கமாக வந்தாள், கழுத்தைத் தடவினாள், ஏறினாள். குதிரை கடிக்கவில்லை. முதல் சுற்று நடையில் முடிந்தது. இரண்டாவதில் குதிரை ஓடத் தொடங்கியது. சேணத்தில் அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். தாளம் தவறாமலிருக்க எட்டு வரை எண்ண வேண்டும் என்று மூன்று புத்தகங்களில் இருந்தது. மைசூரில் படித்த எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு தமிழ், கணக்கு கன்னடம். அவளும் பள்ளியில் பழகியபடி உரக்க எண்ணினாள்: ஒந்து, எரடு, மூரு, நாக்கு, ஐது, ஆரு, ஏளு. கன்னடத்தில் ஏழும் ஏளுதான், எழுந்திரு என்பதும் ஏளுதான். புத்தகங்களில் இது இல்லை. கன்னடம் மட்டுமே கேட்டு வளர்ந்த அந்தக் குதிரை சொன்னபடி எழுந்தது. தரையிலிருந்து ஒரு முழம்.

"இளி! கீழே இளி!" என்று குதிரையை இறங்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினான் கெம்பையன். குதிரையோ தன்மேல் ஏறியவள் சொல்வதைத்தான் கேட்டது. சொர்ணலதா நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் ஒந்திலிருந்து ஏளு வரை எண்ணினாள். மூன்றாவது சுற்று வேப்பமர உயரத்தில் நடந்தது. மரத்திலிருந்த காகங்கள் ஒதுங்கி வழிவிட்டன.

"இது ஒப்பாது! குதிரைன்னா தரையில ஓடணும்!" என்றான் கெம்பையன்.

மேலிருந்து அவள் கேட்டாள். "பூமியத் தொடக் கூடாதுன்னு சொன்னது யாருங்கண்ணா? நான் தொட்டனா? உங்க குதிரையாச்சும் தொட்டுச்சா?"

பிறகுதான் அவள், "இளி" என்றாள். குதிரை இறங்கியது, ஆனால் கடைசி ஒரு முழம் மட்டும் இறங்கவில்லை. அப்படிப்பட்டதை டாங்காவில் பூட்ட முடியாது என்று கெம்பையன் அதை எங்கள் கடை வாசலிலேயே விட்டுப் போனான்.

பலகைக்குப் புது வண்ணம் அடித்தாயிற்று. குதிரை அதன் கீழே நிற்கிறது; புல்லைக் கொஞ்சம் உயரத்தில் கட்டுகிறோம், வாசல் பெருக்குபவர்கள் அதன் காலடியிலும் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். அதற்கு லாடம் தேய்வதில்லை. நாற்காலிக்குத்தான் ஆண்டுக்கு இரண்டு முறை அடிக்கிறோம்.