பெயர் சொல்லக் கூடாத டாக்டர்

அதற்கு ஐந்து நிமிடக் கூட்டம் என்று பெயர். ஒரு நாளாவது ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. அன்று காலை அதில் அரைபட்டது என் பெயர்.

"சாய்ராகுல், எழுந்து நில்லுங்க," என்றார் தலைமை டாக்டர் தொக்தோசுன். "இந்த ஆஸ்பத்திரி மானத்தையே வாங்கிட்டீங்க. பாத்மா அம்மாவுக்கு முதுகு அழுகிக் கிடக்கு. மகன் மேதெர்பெக் ருஷ்யாவுலேருந்து வந்து பார்த்துட்டு மாகாண அலுவலகத்துக்கே புகார் எழுதிட்டான். நோயாளியைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும்னுகூடவா ஒரு நர்ஸுக்குத் தெரியாது?"

சுர்ரென்று உச்சிக்கு ஏறியது எனக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் புண்ணோ எலும்பு தெரியக் குழிவிழுந்து, ஓரமெல்லாம் தடித்து, கறுத்துப் போயிருந்தது. ஒரு வாரத்துப் புண்ணா அது? அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை.

எனக்கு முன்னால் அந்த வார்டைப் பார்த்தவள் எல்விரா. தொக்தோசுன் பெற்ற மகள். மேல்பயிற்சி என்று தலைநகருக்குப் போய்விட்டாள். வார்டை ஒப்படைப்பது என்றால் கட்டில் கட்டிலாகப் போய், போர்வையை விலக்கி, உடம்பைப் பார்த்து ஏற்றுக்கொள்வது. எனக்கு நடந்ததோ விருந்து. மேசை நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகள், ராஸ்பெர்ரி ஜாம், குதிரை இறைச்சி. "ஒரு தடவை வார்டைப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்றேன். தலைமை நர்ஸ் ரக்கத் அக்கா உச்சுக் கொட்டினாள்.

"வந்த அன்னிக்கே போர்வையைத் தூக்கிப் பார்ப்பியா? எங்க பொண்ணு மேல சந்தேகமா? மானக்கேடு! உட்காருடி, டீ ஆறிடப் போவுது."

ரக்கத் அக்காவே கையேந்தி ஆசி சொன்னாள். எல்லோரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டோம். வார்டு என்னுடையதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஓமின் சொன்ன பிறகு கேள்வி கேட்கிறவள் மனுஷியே இல்லை.

சேர்ந்த அன்று மாலையே பாத்மா அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தேன். பக்கவாதம் வந்து பேச்சும் போய்விட்ட உடம்பு, மூட்டை மாதிரி கனத்தது. முதுகைப் பார்த்ததும் தொக்தோசுன் அறைக்கு ஓடினேன். "முதல்ல கட்டுப் போடுங்க. எழுதிக்கிட்டு உட்காராதீங்க, எழுதினா ஆயிரம் கேள்வி வரும்," என்று அனுப்பினார் அந்த மனிதர்.

அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். "வந்த அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே டாக்டர்!"

"என்கிட்டயா? எப்போ?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்டார். "மத்தியானம் மெமோ தர்றேன். மேதெர்பெக் முன்னாலயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. அவன்கிட்ட மன்னிப்பும் கேளுங்க."

வெளியே வந்ததும் ரக்கத் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"முழுங்கிக்கடி. பெரிய இடம், மோதாதே."

"தகுதிகாண் காலத்துல மெமோ வந்தா வேலை போயிடும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அதுக்கு? உன்னோட சேர்த்து என் வேலையையும் குடுக்கச் சொல்றியா?"

அடிப்பாவி! ஆனால் அந்தக் கட்டடத்தில் அன்று அதுவரை என்னிடம் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். கணவாய்க்கு இந்தப் பக்கம் வேறு ஆஸ்பத்திரி கிடையாது. நோயாளியை அழுகவிட்டவள் என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால் எந்தப் பக்கத்திலும் வேலை கிடையாது. பதினோரு வருஷமாகப் பார்த்த தொழில். யாரோ செய்த பாவத்துக்கு என் தலையில் மண்ணா? பொங்கிப் பொங்கி வந்தது.

மத்தியானம் கட்டு மாற்ற வேண்டிய நேரம், வார்டுக்குப் போனேன். பாத்மா அம்மாவின் மருமகள் சோல்போன் வழக்கம்போல வெந்நீரோடு காத்திருந்தாள். மாமியாரைத் துடைத்துவிடுவது அவள்தான். பெற்ற தாயின் வெற்றுடம்பை மகன் பார்க்கக் கூடாது. அதனால் மேதெர்பெக் பார்த்தது போர்வையில் பட்டிருந்த கறையை மட்டும்தான்.

சோல்போன் நல்ல பெண், வாய்தான் பூட்டு. தொக்தோசுன் அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன், மூத்தவர். புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயில் எடுக்கக் கூடாது. அதனால் அவளுக்கு அவர் 'வெள்ளைக்கோட்டு அண்ணன்'. போதாக்குறைக்கு, எங்கள் பேச்சில் தொக்தோசுன் என்றால் 'நிற்கட்டும்' என்று பொருள். ஆகவே அந்தச் சொல்லும் அவளுக்கு ஆகாது. டிரிப்ஸ் தீரும்போது, "அக்கா, அது... ஓடாம இருக்கட்டுமா?" என்பாள்.

"நிற்கட்டும்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"ஐயோ அக்கா, மாமியார் காதுல விழும்!" என்று வாயைப் பொத்திக்கொள்வாள்.

அன்று நான் கிண்டல் செய்யவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் புருஷன்தானே புகார் எழுதியவன்.

போர்வையில் கை வைத்திருப்பேன், வந்துவிட்டார்கள். முன்னால் தொக்தோசுன், கையில் காகிதம். பின்னால் மேதெர்பெக், வெயிலில் கருகிய முகம், அழுது வீங்கிய கண். வாசலில் ரக்கத் அக்கா.

தொக்தோசுன் மெமோவைக் கணீரென்று வாசித்தார். கடமை தவறினேனாம். அலட்சியமாம். வாசித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"எங்கம்மாவை உயிரோட அழுகவிட்டியே," என்றான் மேதெர்பெக். "நீயும் ஒரு பொம்பளையா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது நான் வர்றதுக்கு முன்னாலயே இருந்த புண்ணு."

"பார்த்தியா தம்பி, திமிரை?" தொக்தோசுன் குரலை உயர்த்தினார். "செய்யறதையும் செஞ்சுட்டு, இங்க இல்லாத பொண்ணு மேல பழியைப் போடறா! வெளியூர்க்காரியை உள்ள விட்டது என் தப்பு. ஆட்டு மந்தையைக்கூட இவளை நம்பி விட முடியாது. இவ கையால எத்தனை பேரு..."

"தொக்தோசுன்!"

சொன்னது சோல்போன். நிறுத்தச் சொன்னாளா, பெயரைச் சொன்னாளா என்று ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. எதுவானாலும் அவள் சொல்லக் கூடாத சொல்.

"ஏய்! என்ன சொன்னே?" என்றான் மேதெர்பெக்.

"பேரைத்தான் சொன்னேன்." அவள் வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தொக்தோசுன் டாக்டர்கிட்ட ரெண்டு மாசம் முன்னால, வைக்கோல் ஏத்துற சமயத்துலயே சொல்லிட்டேன். அப்பவே உள்ளங்கை அகலத்துக்கு இருந்துச்சு. அத்தையை எல்விரா திருப்பிப் போடறதே இல்லைன்னும் சொன்னேன். 'உன் புருஷன்கிட்ட மூச்சு விடாதே. ருஷ்யாவுல மாடி மாடியா ஏறிக் கட்டட வேலை செய்யறவன், மனசு கலங்கிக் கால் தவறிடுவான்'னு தொக்தோசுன் டாக்டர் சொன்னார். பயந்துட்டேன். இந்த அக்கா வந்தப்புறம்தான் அத்தையை ஒழுங்கா திருப்பறாங்க."

"ஐயோ, மானக்கேடு!" என்றாள் வாசலில் ரக்கத் அக்கா.

"கேட்டியாடா மேதெர்பெக்?" தொக்தோசுன் முகம் சிவந்து கத்தினார். "உன் பொண்டாட்டி என் பேரைச் சொல்றா! ரெண்டு தடவை, மூணு தடவை! நம்ம வம்சத்துலயே எந்த மருமகளும் இப்படி வாய் திறந்ததில்லை!"

ஒரு உயிர் எலும்பு தெரிய அழுகிக் கிடக்கிறது, அது மானக்கேடு இல்லையாம். பெயரைச் சொன்னது மானக்கேடாம். தூ! அந்தப் பேனாவாலேயே அவர் கண்ணைக் குத்தலாமா என்றிருந்தது.

மேதெர்பெக் முன்னால் வந்தான். அவளை அறையப் போகிறான் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவன் எங்களைத் தாண்டிப் போய் டாக்டர் முன்னால் நின்றான்.

"அண்ணே, அவ உங்க பேரைச் சரியாத்தானே சொன்னா?"

"என்னடா கேக்கறே?"

"அவ சொன்ன ஆளு நீங்கதானே? அப்ப பதில் சொல்லுங்க."

தொக்தோசுன் மெமோவை நாலாக மடித்தார். "வீட்டு விஷயத்தை வெளியாள் முன்னால பேச வேணாம். சாயங்காலம் வா," என்று நகரப் பார்த்தார். மேதெர்பெக் கதவில் கை வைத்துக்கொண்டான்.

நான் போர்வையை விலக்கினேன். "சோல்போன், அந்தத் தோளைப் பிடி," என்றேன். இருவரும் சேர்ந்து பாத்மா அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பினோம். மேதெர்பெக் வழக்கப்படி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாதீங்க. பாருங்க," என்றேன். "என்னை ஏசறதுன்னா பார்த்துட்டு ஏசுங்க."

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து புகாரின் நகலை எடுத்து, கட்டில் விளிம்பில் வைத்துப் பிரித்தான்.

"யாருன்னு தெரியாததால இதுல நான் பேரே எழுதலை," என்றான். டாக்டரின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டான். "சோல்போன், அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லு. எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள்.