நனையாத மனிதருக்குக் குடை

தீர்ப்பு வந்த மறுநாள் அபராதம் மழையாகப் பெய்யும். தண்டிக்கப்பட்டவர் நீதிமன்ற வாசலிலிருந்து தெருமுனை வரை நடக்க வேண்டும். நனைந்தால் அவருடைய சொத்து கரையும். ஒரு துளி பட்டால்கூடப் போதும், தண்டனை நிறைவேறியது என்று நீதிமன்ற அமீனா எழுதிக்கொள்வார். ஒரு துளியும் படாவிட்டால் வழக்கே நடக்கவில்லை என்று பொருள். குற்றமும் நடக்கவில்லை.

போன வருடம் ஒரு லாரி ஓட்டுநர் நடந்ததைப் பார்த்தேன். அவரிடம் குடை இல்லை. முதலில் லாரி கரைந்தது. பிறகு மாடு. பிறகு வீட்டின் மேற்குச் சுவர். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார்.

என் மனைவி பூவிழி பெயிண்ட் தொழிற்சாலையில் ஆய்வக உதவியாளர். கொதிகலனின் வால்வு பழுதாகியிருப்பது எம்.டி.க்குத் தெரியும். மாற்றினால் உற்பத்தி நிற்கும். மாற்ற வேண்டாம் என்றார். அந்த வருடம் உற்பத்தி நிற்காததற்காக அவருக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். வால்வு வெடித்தது. பூவிழி அன்று பகல் ஷிப்டில் இருந்தாள். எம்.டி. குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு வந்த அன்று மாலை கம்பெனி என்னைக் கூப்பிட்டது.

மனிதவளப் பிரிவு ஏழாவது மாடியில் இருந்தது. நான் ஏறிப்போனபோது ஒன்பதாவது மாடிக்குப் போயிருந்தது. படிக்கட்டில் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தது.

ஹேமலதா மேடம் என்னை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை. உட்கார்ந்தேன்.

"கருணை அடிப்படைல உங்களுக்கு ஒரு வேலை ஒதுக்கியிருக்கோம் சார்" என்றார்.

"என்ன வேலை?"

"குடை பிடிக்கறது. எம்.டி. சாருக்கு. நாளைக்குச் சேரணும்."

"நாளைக்குத்தானே மழை?"

"அதனாலதான் நாளைக்கு."

"நான் எம்.எஸ்ஸி. கணிதம் மேடம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எந்தக் கோணத்துல பிடிக்கணும்னு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல."

"இறந்தவங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் இந்த வேலையா?"

"வெளியாள எப்படி சார் நம்பறது?"

குடையைக் கொடுத்தார். கறுப்பு. அவ்வளவு உயர்ந்த துணியை நான் தொட்டதில்லை. விரல் வைத்த இடத்தில் விரல் இல்லாததுபோல இருந்தது. நல்ல துணி என்றேன்.

"பின்ன? பங்குதாரர் பணம், தொழிலாளர் பி.எஃப்., கொஞ்சம் உங்க வீட்டம்மாவோட கிராஜுவிட்டி. எம்.டி. சார்கிட்ட ஒரு நயா பைசா வாங்கல. வாங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

வேலையை ஏற்றுக்கொண்டேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. குடையைச் சற்றுச் சாய்ப்பேன். எம்.டி. மேல் ஒரு துளி படும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை நீதிமன்ற வாசலில் குடைக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மூத்தவர் பெயர் சவரிமுத்து. என் வலது மணிக்கட்டில் குடைப்பிடியை வைத்துத் தோல்வாரால் பூட்டினார்.

"இது எதுக்குண்ணே?"

"கை நடுங்கும். மொத நாள் எல்லாருக்கும் நடுங்கும்."

"நீங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?"

"இவருக்கு முன்னாடி இருந்த எம்.டி.க்கும் நான்தான் பிடிச்சேன். அவரும் நனையல."

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

"நேராப் பாத்து நில்லு தம்பி. பேச்சுக் குடுத்தா குடை ஒழுகும்."

எம்.டி. வெளியே வந்தார். பெரிய உருவமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுயரம்தான் இருந்தார். சட்டையில் ஒரு மடிப்புகூட இல்லை. எல்லோரையும் பார்த்து, "டிபன் ஆச்சா?" என்றார். ஆச்சு சார் என்றோம். நடக்கத் தொடங்கினார். அவர் நடக்க நடக்கத் தெரு நீண்டது. முனையில் இருந்த மருந்துக்கடை பின்வாங்கிப் போய் ஒரு புள்ளியானது.

மழை வந்தது.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு துளியும் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்து இறங்கியது. குடைகளின் மேல் வழுக்கி இரண்டு பக்கமும் கொட்டியது. வலது பக்கம் இருந்த டீக்கடை கரைந்தது. கடைக்காரர் கையில் இருந்த கண்ணாடி டம்ளர் மட்டும் மிஞ்சியது. அதில் டீ இருந்தது. அவர் அதைக் குடித்தார். இடது பக்கம் அமீனாவின் பைக் கரைந்தது.

"தவணையே இன்னும் முடியல" என்று சொல்லிக்கொண்டு அதையும் எழுதினார்.

என் வலது தோள் நனைந்தது. வீட்டில் பீரோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் குடையைச் சாய்த்தேன். எதுவும் ஆகவில்லை. இன்னும் சாய்த்தேன். பிறகு மடக்கியேவிட்டேன். மழை எம்.டி.யின் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. யோசித்தது. விலகி, பக்கத்துக் குடியிருப்பின் மேல் போய்ப் பெய்தது.

என் கால்கள் நின்றுவிட்டன. எம்.டி.யும் நின்றார். அவரைச் சுற்றி வட்டமாகக் காய்ந்த மண் இருந்தது. மண்ணில் எறும்புகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் செருப்பில் புழுதி இருந்தது. வட்டத்துக்கு வெளியே ஊர் கரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு நல்ல வெயில் நாளின் வாசனை அடித்தது. எந்தச் சன்னிதியிலும் நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

"மடக்கிட்டீங்களா? பரவாயில்ல. கை வலிக்கும்" என்றார் எம்.டி.

"உங்க மேல படலயே சார்."

"படாது."

"அப்ப குடை எதுக்கு?"

"நீங்கல்லாம் என்கூட வரணும்ல தம்பி."

எனக்கு இன்னொரு கை இருந்தது. இடது கையைக் குவித்து மழையில் நீட்டினேன். தண்ணீர் சேர்ந்தது. கனமாக இருந்தது. வீட்டில் கட்டிலும் போயிருக்கும். கை நிறைந்ததும் வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தேன். எம்.டி. நகரவில்லை. தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கூடக் கொடுத்தார்.

அவருக்குப் பக்கத்தில் பூவிழி நின்றிருந்தாள்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள்போல இருந்தாள். முகத்தில் மாஸ்க் போட்ட தடம். ஒரு காலில் நின்றுகொண்டு பையை என்னிடம் நீட்டினாள்.

"இதக் கொஞ்சம் பிடிங்க. செருப்பு வார் அறுந்துபோச்சு."

"கையில தண்ணி இருக்கு" என்றேன்.

"யாருக்கு?"

எம்.டி.யைக் காட்டினேன்.

"அவரு தாகம்னு கேட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன. பிடிங்க, கனமா இருக்கு. எல்லாரும் பாக்கறாங்க."

வலது கை குடையோடு பூட்டப்பட்டிருந்தது. இடது கையில் தண்ணீர். எம்.டி.யின் தோள் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு துளி பட்டால் வழக்கு நடந்ததாகிவிடும். வால்வு வெடித்ததாகிவிடும். அவள் பகல் ஷிப்டில் இருந்ததாகிவிடும்.

"இது அவர் மேல படணும் பூவிழி."

"பட்டா?"

தண்ணீர் ஒழுகாமல் விரல்களை நெருக்கிக்கொண்டேன்.

"அவசரமில்ல தம்பி" என்றார் எம்.டி. "நான் நிக்கறேன்."

பூவிழியின் கை நீட்டியபடியே இருந்தது. பையின் காது அவள் விரல்களில் அழுந்தியிருந்தது. அழுந்திய இடம் சிவந்திருந்தது.

நான் கையைத் திறந்தேன். தண்ணீர் மண்ணில் விழுந்தது. மண் நனையவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். அவள் என் தோளைப் பிடித்துக் குனிந்து, தாலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் செருப்பு வாரில் குத்தினாள். காலை இரண்டு முறை தரையில் உதைத்துப் பார்த்தாள்.

"வீடு வரைக்கும் தாங்கும்" என்றாள்.

அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். சவரிமுத்து இடது கையில் ஒரு டிபன் கேரியரைப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற, காலையில் வரிசையில் இல்லாத ஓர் அம்மாளிடம், "உப்புக் கம்மிதான், நான் பொய்யா சொல்றேன்?" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் யாருடைய ஹெல்மெட்டையோ கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

எம்.டி. நடக்கத் தொடங்கினார். வட்டம் நகர்ந்தது. பூவிழியும் நகர்ந்தாள். நான் குடையை விரித்தேன்.

"ஏதாச்சும் பட்டுச்சா?" என்று தூரத்திலிருந்து அமீனா கேட்டார்.

"இல்ல சார்" என்றோம்.

மழை வலுத்தது. தெரு நீண்டுகொண்டே போனது. நாங்கள் அவரை ஒரு துளியும் நனையாமல் பார்த்துக்கொண்டோம்.