நிறைந்தே இருந்த பாட்டில்கள்

தையல் ஆலைக்கு நர்ஸாக வந்த புதிதிலேயே அவளுக்கு ஒன்று உறுத்தியது. தலைவலி என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலர் தைக்கும் வரிசைக்காரர்கள். அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான். மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் எதையும் குடைந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

வெளிச்சம் போதவில்லையோ? போய்ப் பார்த்தாள், பளிச்சென்றுதான் எரிந்தது. துணியின் சாய வாடையோ? அடுத்த வரிசையிலும் அதே துணிதான். குனிந்து பார்த்தாள். ஒவ்வொருவர் காலடியிலும் தண்ணீர் பாட்டில், கழுத்துவரை நிறைந்து. சாயங்காலம் பார்த்தாலும் அப்படியே.

"என்னக்கா, தண்ணிய அழகுக்கா வச்சிருக்கீங்க?"

வரிசையிலேயே மூத்தவளான பெரியக்கா சிரித்தாள். "குடிச்சா எந்திரிச்சுப் போகணுமேம்மா. அங்க பாரு."

சூப்பர்வைசர் மேஜையில் ஒரு சிவப்பு அட்டை. பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வரிசைக்கே அது ஒன்றுதான்.

"அதை எடுத்தா, 'இப்பத்தானே போன?'ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கேப்பாரு. மானம் போறதுக்குத் தலைவலியே தேவலை."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று சூப்பர்வைசரிடம் போனாள். ஆனால் அவர் உதடு வெடித்திருந்தது. ஒரு கை இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தது. கோபம் பின்னுக்குப் போனது.

"சார், காலைலேருந்து நீங்க எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"நானா?" அவர் விழித்தார். "நான் எந்திரிச்சா வரிசை நின்னுடும்மா. டார்கெட் குறைஞ்சா எனக்குத்தானே மண்டகப்படி." குரலைத் தாழ்த்தினார். "சிறுநீரகத்துல கல்லாம். வீட்டுல இன்னும் சொல்லலை."

இருவருமாக மேனேஜரிடம் போனார்கள்.

"ஆளாளுக்கு எந்திரிச்சுப் போனா உற்பத்தி என்னாகும்?" என்றார் அவர்.

"தண்ணி குடிக்காம, தலைவலியோட கோணலாத் தைச்சதைப் பிரிச்சுத் தைக்கிற நேரம் கணக்குல வருதா சார்?" என்றாள் நர்ஸ்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "திரும்பி வர்ற காலர்ல பாதி மத்தியானத்துக்கு மேல தைச்சதுதான் சார்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "சரி, கொஞ்ச நாள் பார்ப்போம்."

அட்டை போனது. எழுந்து போகிறவர் மெஷினில் உட்கார மாற்று ஆள் வந்தாள். ஆனாலும் முதல் நாள் யாரும் அசையவில்லை. பழகிய பயம் லேசில் போகுமா? கடைசியில் சூப்பர்வைசரே எல்லார் முன்னாலும் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார். சற்று நேரத்தில், "நான் போயிட்டு வரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார். வரிசையே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மாத்திரை கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பெரியக்காவுக்கு மட்டும் வலி விடவில்லை. நர்ஸும் விடவில்லை. ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொன்னாள். பெரியக்கா கையை எட்டி நீட்டிப் பிடித்துத் தடுமாறினாள்.

"கண்ணைக் காட்டி எத்தனை வருஷமாச்சுக்கா?"

"காட்டியிருந்தாத்தானே கணக்குச் சொல்ல!"

அடுத்த வாரம் கண்ணாடியோடு வந்த பெரியக்கா, நர்ஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடியாத்தி, நீ இவ்வளவு சின்னப் பொண்ணா!"