எல்லாம் சேர்த்து

"வேலைக்கு வந்திருக்கீங்களா? பின்பக்க கேட்டுக்குப் போங்க."

ரிசார்ட் வாசலில் எங்களுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான். காவலாளி மேல் தப்பே இல்லை. அங்கே தங்க வருகிறவர்கள் காரில் வந்து இறங்குவார்கள். நாங்கள் கடைசி பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் ரோட்டில் நடந்து, வியர்க்க விறுவிறுக்க, ஆளுக்கொரு பையோடு நின்றோம். வண்டி அனுப்பட்டுமா என்று ரிசார்ட்டிலிருந்தே போன் பண்ணிக் கேட்டார்கள். இவர்தான் வேண்டாம் என்றுவிட்டார். என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

இவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த ஊருக்கு எந்த பஸ் பிடித்தால் மிச்சம், எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி இல்லை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பதினான்கு ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சொந்தப் பூட்டு, துணி காயப்போடக் கயிறு, தண்ணீர் சுடவைக்கும் கம்பி, ஒரு பாக்கெட் பிரெட். இவை இல்லாமல் இவர் வாசல்படி தாண்டியதில்லை. டிப்போவில் இவருக்குப் பட்டப்பெயரே 'கைடு'. லீவு போடுகிற டிரைவர்கூட இவரிடம் வந்து வழி கேட்டுக்கொண்டுதான் குடும்பத்தோடு கிளம்புவார். அதில் இவருக்குப் பெருமை பிடிபடாது.

இந்த ரிசார்ட் எங்கள் சக்திக்கு வந்ததல்ல. என் கொழுந்தனாருக்கு அவர் கம்பெனி பரிசாகக் கொடுத்த கூப்பன். அவர் மனைவிக்கு எட்டாவது மாதம் என்பதால், "அண்ணி, வீணாப் போக வேண்டாம், நீங்களும் அண்ணனும் போயிட்டு வாங்க" என்று என் கையில் கொடுத்தார். இரண்டு இரவு. கூப்பனின் அடியில் ஒரு வரி: 'அறை, உணவு, கடல் நடுவே மணல்திட்டுக்குப் படகுப் பயணம், எல்லாம் சேர்த்து.'

மணல்திட்டு என்ற சொல்லையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். என் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு பாய் அளவுக்கு வெள்ளை மணல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "என் நம்பர் எப்பம்மா வரும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னை எதுவும் கேட்காத அந்த மாதிரி ஓர் இடத்தில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். வேறு ஆசை கிடையாது.

ஆனால் இவர் கூப்பனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எல்லாம் சேர்த்துன்னா என்ன அர்த்தம் தெரியுமா? கிளம்புறப்ப எல்லாத்தையும் சேர்த்து பில் போடுவான்னு அர்த்தம்."

"இல்லங்க, எல்லாமே இதுல அடக்கம்னு அர்த்தம்."

"அப்ப அடக்கம்னு போட வேண்டியதுதானே? சேர்த்துன்னு ஏன் போடுறான்? நான் பாக்காத லாட்ஜா!"

டைம்கீப்பரிடம் தமிழ் இலக்கணம் பேசி ஜெயிக்க முடியுமா? விட்டுவிட்டேன். அங்கே போனால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

உள்ளே போனதும் ஒரு பெண் தட்டில் இரண்டு கிளாஸ் பழச்சாறு கொண்டுவந்தாள். மேலே ஒரு புதினா இலைகூட மிதந்தது. என் கை கிளாஸைத் தொடுவதற்குள் இவர், "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சோம்" என்றார். குடித்தது பஸ் ஸ்டாண்டுக் குழாய்த் தண்ணீர். பை தூக்க வந்தவரோடு இவர் போட்ட இழுபறியில் பையின் ஒரு காது பிய்ந்தது. அந்த மனுஷர் சிரிப்பு மாறாமல் எங்களுக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்து வழிகாட்டினார். எனக்கு மானம் போனது.

அறையைப் பார்த்து ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. எங்கள் வீட்டுக் கூடமும் சமையலறையும் சேர்ந்தால்தான் அந்தக் குளியலறை. கட்டிலில் குறுக்கே படுத்தாலும் கால் வெளியே வராது. திரையை விலக்கினால் கடல். இவர் கடலைப் பார்க்கவில்லை. கதவில் பூட்டுப் போடக் கொண்டி தேடினார். அது அட்டை காட்டினால் திறக்கிற கதவு. கொண்டி இல்லாத அறையில் எப்படிப் படுப்பது என்று ஒரு பாட்டம் புலம்பினார். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பாட்டில்களை எண்ணி, மூடி, அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"தொட்டா காசு. கை தவறி நீ எடுத்துரக் கூடாது பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன கைக்குழந்தையா?

சாயங்காலம் பஸ் நேரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ரிசப்ஷனுக்குப் போனார். பஸ் நேரம் இவருக்குத் தெரியாதா என்ன? அரை மணி நேரம் கழித்து வந்தவரின் முகம் என்னவோபோல் இருந்தது.

"படகு பத்திக் கேட்டீங்களா?"

"ம். அதுக்கும் தனிக் காசாம், சாப்பாட்டுக்கும் தனிக் காசாம்."

"படகுக்கு என் சம்பளத்துல நான் குடுக்குறேங்க."

"பாப்போம், பாப்போம்" என்று பிரெட் பாக்கெட்டைப் பிரித்தார். சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஜன்னல் வழியாக வாசனை வந்து மூக்கைத் துளைத்தது. வெள்ளை வெளேரென்ற விரிப்பின்மேல் செய்தித்தாளைப் பரப்பி, நாங்கள் பிரெட்டும் ஜாமும் தின்றோம். தூள் சிந்தினால் அதற்கும் பில் போடுவார்களாம்.

மறுநாள் காலை இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். பத்து மணிப் படகு ஒன்றுதான் மணல்திட்டுக்குப் போகும். பட்டியலோடு நின்ற பெண் என் அறை எண்ணைக் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"உங்க பேர் முதல்ல லிஸ்ட்ல இருந்துச்சு மேடம். நேத்து சாயங்காலம் சார் வந்து வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்த இடத்தை வேற ரூமுக்குக் குடுத்துட்டோம்."

பன்னிரண்டு பேர் படகில் இருந்தார்கள். அதில் எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்த இருவர் எனக்குக் கையாட்டினார்கள். நானும் ஆட்டித் தொலைத்தேன். படகு சின்னதாகிற வரைக்கும் நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்ற இவர் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள். "வா, கரையோரமா நடப்போம். அங்க இருக்கறதும் இதே தண்ணிதான்."

அந்த நேரத்தில் நான் ஏதாவது பேசியிருந்தால் இருபத்திரண்டு வருஷமும் கந்தலாகியிருக்கும். பேசவில்லை. அன்று முழுக்கப் பேசவில்லை. இவர் மிச்ச பிரெட்டோடு கரையோரமாகத் தனியாக நடந்தார். நான் அந்தப் பெரிய கட்டிலின் ஓரத்தில் சுருண்டு கிடந்தேன். நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்தேன். அதன் ருசிகூட நினைவில்லை.

மூன்றாம் நாள் காலை, பைகளோடு ரிசப்ஷனில் நின்றோம். பில் எவ்வளவு வருமோ என்று பயமாக இருந்தது. இருந்தாலும் குடித்ததை மறைக்க மனம் வரவில்லை. "ஒரு பாட்டில் நான் குடிச்சேன்" என்றேன்.

அங்கே இருந்த பெண் சிரித்தாள். "அதுக்கென்ன மேடம், எல்லாம் இதுல அடக்கம்தானே. நீங்கதான் ஒரு வேளைகூட சாப்பிட வரலை. எங்க சாப்பாடு பிடிக்கலையோன்னு சமையல்காரர்கூட கேட்டாரு."

"படகும் அடக்கமா?"

"ஆமா மேடம். சார்கிட்ட முதல் நாளே சொன்னேனே. நம்பாம ரெண்டு தடவை கேட்டாரு. கூப்பன்லயே விரல் வச்சுக் காட்டினேன்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காதெல்லாம் சூடானது. தெரியாமல் செய்திருந்தால் வேறு. தெரிந்துகொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துத் தனிக் காசு என்று சொல்லி, பிரெட்டைப் பிரித்து என் கையில் கொடுத்திருக்கிறார். கஞ்சத்தனத்தோடு நான் குடும்பம் நடத்திவிட்டேன். இதோடு எப்படி நடத்துவது?

"இன்னிக்குப் படகுல இடம் இருக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

அவள் போன் போட்டு விசாரித்தாள். "ஒரே ஒரு இடம் இருக்கு மேடம். திரும்பி வர மத்தியானம் ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் ரூமை வச்சுக்கோங்க."

"பதினோரு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சே" என்றார் இவர்.

"நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ல வரேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் தனியாக வெளியூர் பஸ் ஏறியதில்லை. சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. படகுத்துறைக்கு நடந்தேன். இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு இவர் பின்னாலேயே வந்தார். மிதவைச் சட்டையின் வாரை எனக்கு மாட்டத் தெரியவில்லை. இவர் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார். நான் விலகிக்கொண்டேன். படகுக்காரர் மாட்டிவிட்டார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். "அன்னிக்கு ரிசப்ஷன் பொண்ணு சாப்பாட்டுக்கூடத்தைத் திறந்து காட்டுச்சு. மேஜைக்கு மேஜை பூ, விளக்கு. நான் உன்னைக் கூட்டிட்டுப் போன பதினாலு ஊரும் ஒரு நிமிஷத்துல ஒண்ணுமில்லாமப் போச்சு. இதெல்லாம் நீ ஒரு தடவை பாத்துட்டா, அப்புறம் என்கூட லாட்ஜுக்கு வருவியா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். இரண்டு நாளில் அப்போதுதான் இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

படகில் காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

"முந்தாநாள் கேட்டிருந்தா, யோசிக்காம வருவேன்னு சொல்லியிருப்பேங்க."